வைராக்கியம் ஒரே நாளில் வராது: வழிபாட்டில் மன உறுதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை மாலை ஒரு வீட்டில் கூடி விளக்கு பூஜை செய்கிறோம். பூஜை அரை மணி நேரம்தான். அப்புறம் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது ஒரு மணி நேரம். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வண்டியில் கூட்டிப்போக வரும் கணவன்மார் வாசலில் நின்றபடி கேட்டவையும் இதில் உண்டு. நான் பண்டிதை இல்லை. நெசவுக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வருடமாகத் தினசரி வழிபாட்டைப் பிடித்தும் விட்டும் மறுபடி பிடித்தும் வருகிறவள். அந்த அனுபவமும் கொஞ்சம் படித்ததும் சேர்ந்ததுதான் பதில்.

வைராக்கியம், வைராக்கியம் என்கிறோமே, அது என்ன?

நம் பேச்சில் "அவன் வைராக்கியக்காரன்" என்றால் சொன்னதைச் செய்து முடிக்கிறவன் என்று பொருள். வடமொழியில் அந்தச் சொல்லுக்குப் பற்றின்மை என்று அர்த்தம். தமிழில் அது உறுதியாக மாறியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றை விட முடிந்தவனால்தானே இன்னொன்றைப் பிடித்துக்கொண்டிருக்க முடியும்? காலைத் தூக்கத்தில் பத்து நிமிஷத்தை விட்டால்தான் விளக்கு.

பெரியவர்கள் மூன்று வகை வைராக்கியத்தைக் கேலியாகச் சொல்வார்கள். கதாகாலட்சேபம் கேட்டு எழுந்து வரும்போது வருவது புராண வைராக்கியம். பிள்ளை பெறும் வலியில் "இனி வேண்டவே வேண்டாம்" என்பது பிரசவ வைராக்கியம். சுடுகாட்டில் "என்னடா வாழ்க்கை" என்று தோன்றுவது மயான வைராக்கியம். மூன்றும் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும் போய்விடும். புத்தாண்டு அன்று நாம் எடுக்கும் முடிவுகளை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். இவை பொய் என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் வருகின்றன. நிற்க ஒரு இடம் இல்லாததால் போய்விடுகின்றன. தினசரி வழிபாடு அந்த இடத்தை உண்டாக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

உறுதியும் பிடிவாதமும் ஒன்றுதானே?

கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் திருதி, அதாவது மனம் ஒன்றைத் தாங்கிப் பிடிக்கும் சக்தி, மூன்று வகையாகப் பிரிக்கப்படுகிறது. மனம், மூச்சு, புலன்களை ஒரு நிலையில் நிறுத்துவது முதல் வகை. பலனை எதிர்பார்த்துப் பொருளையும் இன்பத்தையும் பிடித்துக்கொள்வது இரண்டாவது. மூன்றாவது என்ன தெரியுமா? தூக்கம், பயம், துக்கம், சோர்வு, செருக்கு இவற்றை விடாமல் பிடித்துக்கொள்வது! முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். கவலைப்படுவதில் எனக்கு இருக்கும் விடாமுயற்சி வேறு எதில் இருக்கிறது? சம்பந்தி வீட்டில் 12 வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன வார்த்தையை இன்றுவரை ஒரு நாள் தவறாமல் நினைத்துக்கொள்கிறேன். அதை ஜபமாகச் செய்திருந்தால் கணக்கு லட்சத்தைத் தாண்டியிருக்கும்.

ஆகவே "எனக்கு மன உறுதியே இல்லை" என்று யாரும் சொல்ல வேண்டாம். இருக்கிறது. அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்து, மெல்ல வேறு பக்கம் திருப்ப வேண்டும். மெல்ல என்பதும் கீதையின் சொல்தான். 6ஆம் அத்தியாயத்தில் மனத்தை அடக்குவதைப் பற்றிச் சொல்லும்போது "சனைஹி சனைஹி" என்று இரண்டு முறை வருகிறது. மெல்ல மெல்ல.

எதிலிருந்து தொடங்குவது?

உங்கள் வாழ்க்கையில் மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு சிறிய ஒன்றிலிருந்து. நல்ல நாளில் எவ்வளவு முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாரும் ஏமாறுகிறோம். தை வெள்ளிக்கிழமை, விடுமுறை, உடம்பு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் ஊரில் இல்லை. அன்று சகஸ்ரநாமம் முழுக்கச் சொல்லிவிட்டு "இனி தினமும் இப்படித்தான்" என்று முடிவு கட்டுகிறோம். செவ்வாய்க்கிழமை பால்காரர் வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, பையனுக்குக் காய்ச்சல். அன்றோடு சரி.

காய்ச்சலில் படுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன முடியும்? எழுந்து ஒரு அகலை ஏற்றலாம். அது முடியாவிட்டால் படுத்தபடி 11 முறை நாமம் சொல்லலாம். சரி, அதுதான் உங்கள் அளவு. அதற்கு மேல் செய்வதெல்லாம் லாபம். கணக்கில் எழுதுவது 11தான்.

அப்பா குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். புதிதாகத் தறியில் உட்காருகிறவனிடம் முதல் நாளே கரை நெய்யக் கொடுக்க மாட்டார்கள். பல நாள் நூல் சுற்றுவது, அறுந்த இழையை முடிப்பது, பாவு (நெடுக்கு நூல்) பிடிப்பது. கை பழகினால்தான் குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைத் தொட விடுவார்கள். "இவ்வளவு சின்ன வேலையா?" என்று கேட்கும் பையன்கள் மூன்றாம் மாதம் தறிப் பக்கமே இருக்க மாட்டார்கள் என்பார் அப்பா.

எத்தனை நாள் செய்தால் பழக்கமாகும்? 48 நாளா, 41 நாளா?

சபரிமலைக்குக் கார்த்திகை முதல் தேதி தொடங்கி மண்டல பூஜை வரை 41 நாள். தமிழ்நாட்டில் ஒரு மண்டலம் என்றால் 48. நட்சத்திரம் 27, ராசி 12, கோள் 9, கூட்டினால் 48 என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டில் எது சரி என்று சண்டை போட வேண்டாம். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதுவே.

நாள் எண்ணிக்கையைவிட எனக்குப் பயன்பட்டது பதஞ்சலி யோக சூத்திரத்தில் வரும் ஒரு வரி. பயிற்சி எப்போது உறுதியான நிலமாகிறது என்பதற்கு அவர் மூன்று நிபந்தனை சொல்கிறார்: நீண்ட காலம், இடைவிடாமை, மரியாதை. முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் கோட்டை விடுகிறோம். தொலைக்காட்சியை ஓட விட்டுக்கொண்டு, ஒரு கண் பாலில் வைத்துக்கொண்டு, வாய் மட்டும் கவசம் சொல்லும். 20 வருடம் அப்படிச் சொன்னாலும் அது 20 வருடம் பால் காய்ச்சியதுதான். (என்னைத்தான் சொல்கிறேன், பக்கத்து வீட்டு அக்காவை இல்லை.)

நம் மரபிலேயே படிப்படியான ஏற்பாடு இருக்கிறது. பிரதோஷம் மாதத்தில் இரண்டு மாலை. சங்கடஹர சதுர்த்தி மாதம் ஒரு நாள். ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாள். மார்கழி 30 நாள், ஒரு நாளைக்கு ஒரு திருப்பாவை. அப்புறம் மண்டலம். முதலில் மாதம் ஒரு நாளை ஒரு வருடம் விடாமல் பிடித்துப் பாருங்கள். அது நிலைத்துவிட்டால் ஆறு நாள். எடுத்தவுடன் மண்டலத்தில் குதிக்கிறவர்களில் பாதிப் பேர் இருபதாம் நாளுக்குள் என்னிடம் அடுத்த கேள்வியோடு வந்துவிடுகிறார்கள்.

விரதம் முறிந்துவிட்டது. தெய்வக் குற்றம் ஆகுமா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். 11 நாள் நான் அங்கேயே இருந்தேன். வீட்டில் விளக்கு இல்லை, ஜபம் இல்லை, எதுவும் இல்லை. அத்தை நன்றாகி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் விளக்கைத் தொடவில்லை. எத்தனை நாள் தெரியுமா? நான்கு மாதம். 11 நாள் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு மாதம் விட்டதற்குக் காரணம் வெட்கம். "விட்டுவிட்டோமே, இனி எந்த முகத்தோடு போய் நிற்பது? நல்ல நாள் பார்த்து மறுபடி தொடங்கலாம்." நல்ல நாள் வந்துகொண்டே இருந்தது, போய்க்கொண்டும் இருந்தது.

ஒரு நாள் அத்தையே, "ஏம்மா, சாமி ரூம்பு இருட்டாவே கிடக்குதே, எண்ணெய் தீந்துபோச்சா?" என்று கேட்டார். "இல்லீங்கத்தை" என்றேன். "அப்ப ஏத்து" என்றார். அவ்வளவுதான் பரிகாரம்.

கீதை இரண்டாம் அத்தியாயத்தில் இதற்கு நேரடிப் பதில் இருக்கிறது: இந்த வழியில் தொடங்கிய முயற்சி வீணாவதில்லை, குற்றமும் வருவதில்லை, இதில் கொஞ்சம் செய்தாலும் அது பெரிய பயத்திலிருந்து காக்கும். பயந்து போயிருக்கும் ஒருவரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தறியில் பாவு இழை அறுவது தினசரி நடப்பது. அறுந்ததும் தறியை நிறுத்தி, இரண்டு முனையையும் தேடி எடுத்து, முடி போட்டுவிட்டு மறுபடி நெய்வார்கள். அறுந்ததற்காகப் பாவையே கழற்றிப் போட்ட நெசவாளியை நான் பார்த்ததில்லை. அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துகொண்டே போனால்தான் துணியில் நீளமாகக் கோடு விழும். எவ்வளவு சீக்கிரம் பார்த்தோம் என்பதில்தான் விஷயம்.

63 நாயன்மார்களில் சாக்கிய நாயனார் கதை எனக்குப் பிடிக்க இதுவே காரணம். அவர் காஞ்சிக்குப் போய்ப் பௌத்தத் துறவி வேடம் பூண்டவர். மனம் சிவனிடம். வெட்டவெளியில் ஒரு லிங்கத்தைக் கண்டு, பரவசத்தில் கையில் கிடைத்த கல்லை எடுத்து எறிந்தார். மறுநாள், நேற்று அப்படித் தோன்றியதும் அவன் செயல்தான் என்று மறுபடி ஒரு கல். அதுவே அவருடைய பூஜை ஆனது. தினமும் கல்லெறிந்துவிட்டுத்தான் சாப்பாடு. ஒரு நாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்ததும் பதறி எழுந்து, சாப்பிடாமல் ஓடிப் போய்க் கல்லை எறிந்தார். அன்றைக்குத்தான் சிவன் அவருக்குக் காட்சி தந்தார் என்கிறது பெரிய புராணம். ஒழுங்காக எறிந்த நாட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை பாருங்கள். மறந்து, எழுந்து ஓடிய நாளில் வந்தார்.

என் சொந்த விதி ஒன்று உண்டு, சாஸ்திரம் இல்லை: ஒரு நாள் விடலாம், இரண்டாம் நாள் விடக்கூடாது.

ஆடிப் பண்டிகைக்கு இருக்கும் ஒழுங்கு அப்புறம் போய்விடுகிறதே? சபரிமலை மாலையைக் கழற்றியதும் பழைய பழக்கம் வந்துவிடுகிறதே?

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் ஊரின் முகமே மாறிவிடும். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அசைவம் கிடையாது. குடிக்கிறவர்கள் குடிக்க மாட்டார்கள், கோபக்காரர்கள் கொஞ்சம் அடங்கியிருப்பார்கள். பொங்கல், உருளுதண்டம், அலகு, குகைப் பகுதியில் சாமி வேடம் போட்டு வரும் வண்டி வேடிக்கை எல்லாம் முடிந்து, அம்மனுக்கு மஞ்சள் நீராட்டும் ஆனதும், மறுநாள் கறிக்கடையில் நிற்க இடம் இருக்காது.

பண்டிகையின் உறுதி ஊருடையது. எல்லாரும் இருக்கிறார்கள், நாமும் இருக்கிறோம். தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. மாலையும் அப்படித்தான்: கழுத்தில் மணி, உடம்பில் கறுப்பு வேட்டி, பார்க்கிறவர் எல்லாரும் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், குருசாமி வேறு இருக்கிறார். இது ஒரு பலவீனம் என்று சொல்ல வரவில்லை. சாரத்தில் ஏறித்தானே சுவர் கட்ட முடியும்? ஆனால் சாரத்தைப் பிரிக்கிற நாளில் சுவர் நிற்க வேண்டுமானால், உள்ளே ஒரு செங்கல்லாவது நம்முடையதாக இருக்க வேண்டும்.

ஆகவே மாலை கழற்றும் அன்றே ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 41 நாளில் செய்த எல்லாவற்றையும் தொடர வேண்டாம், தொடரவும் முடியாது. விடியலில் குளிப்பது, சரணம் மூன்று முறை, சனிக்கிழமை ஒரு வேளை உணவு, எதுவாகவும் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் வருடம் காலைக் குளியலை வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் மாலை போட்டபோது சனிக்கிழமை குடிப்பதில்லை என்று சேர்த்துக்கொண்டார். அதற்கடுத்த வருடம் இன்னும் இரண்டு நாள். ஏழாவது மாலையில் குடி முழுக்க நின்றது. அவர் மனைவி அதைச் சொன்னபோது சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். (தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் உடம்பு மோசமாக நடுங்கி ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவர் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.)

எனக்கு ஷிப்ட் வேலை. காலை, மாலை என்று நேரமே கிடையாது. என்ன செய்வது?

கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் உருக்காலையில் வேலை செய்கிற வீடுகளில் இந்தப் பிரச்சினை உண்டு. பிரம்ம முகூர்த்தத்தில் அவர்கள் மெஷின் முன்னால் நிற்கிறார்கள். கடிகாரத்தை விட்டுவிடுங்கள். வழிபாட்டை ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். எந்த ஷிப்டிலும் குளிப்பீர்கள் இல்லையா? குளித்து முடித்ததும் திருநீறு, ஐந்து எழுத்து, ஒரு நிமிஷம். விடியலாக இருந்தாலும் நடுராத்திரியாக இருந்தாலும் அதுதான் உங்கள் காலைப் பூஜை. அமாவாசை அன்று ஓய்வு கிடைத்தால் பக்கத்திலேயே சித்தர் கோவில் இருக்கிறது, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்வாருங்கள்.

மாதவிலக்கு நாட்களில் மண்டலக் கணக்கு என்ன ஆகும்?

வீட்டு வழக்கப்படி அந்த நாட்களை விட்டு, மீதியை எண்ணி 48ஐ நிறைவு செய்வது நடைமுறை. இரண்டு மாதம் ஆகலாம், ஆகட்டும். சில வீடுகளில் இப்போது விடுவதே இல்லை. அதில் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மனசுக்குள் சொல்லும் நாமத்துக்கு எந்த நாளிலும் தடை கிடையாது. என் ஆயா (பாட்டி) அந்த மூன்று நாளும் பின்கட்டில் உட்கார்ந்து மற்ற நாட்களைவிட அதிகமாக ஜபம் செய்தார். வீட்டு வேலை இல்லாத நாட்கள் அவை மட்டும்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

சர்க்கரை நோய் இருக்கிறது. பட்டினி விரதம் இருக்கலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் வேண்டாம். மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். அதிகம் உண்பவனுக்கும் சரி, உண்ணவே உண்ணாதவனுக்கும் சரி, யோகம் இல்லை என்று கீதையே சொல்கிறது. சாப்பாட்டுக்குப் பதில் வேறொன்றை விடுங்கள். திருப்பாவை நோன்பில் நெய், பால், மை, பூ என்று விட்டவற்றோடு, கோள் சொல்வதையும் ஆண்டாள் சேர்த்திருக்கிறாள். ஏகாதசி அன்று யாரைப் பற்றியும் புறம் பேசாமல் இருந்து பாருங்கள். பட்டினியே தேவலை என்று தோன்றும்.

ஜபம் செய்யும்போது மனம் எங்கெங்கோ போகிறது. பலன் உண்டா?

அர்ஜுனனுக்கே அது காற்றைப் பிடிப்பது போல இருந்தது. பழக்கத்தாலும் பற்றின்மையாலும் பிடிக்கலாம் என்று கண்ணன் சொன்னான். எங்கே ஓடுகிறதோ அங்கிருந்து திருப்பிக் கொண்டுவா என்றும் சொன்னான். ஒரு மாலையில் 108 மணி. நூறு முறை மனம் ஓடி நூறு முறை திரும்பினால், அன்று நூறு முறை பயிற்சி நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் எண்ணிக்கையைக் குறைத்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எழுதும் கை ஓடும் மனத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். வயதானவர்களுக்கு இது ரொம்ப ஒத்துவருகிறது.

வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு செய்யலாமா? அது சுயநலம் இல்லையா?

செய்யலாம். துன்பப்படுகிறவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி என்று நான்கு பேர் தன்னை வழிபடுகிறார்கள் என்கிறான் கண்ணன். ஞானியைத் தனியாகப் புகழ்கிறான், ஆனால் நான்கு பேருமே நல்லவர்கள்தான் என்கிறான். வேலைக்காகத் தொடங்கி, வேலை கிடைத்த பின்னும் விடாமல் செய்கிறவர்களை நம் தெருவிலேயே காட்டுவேன்.

கோவிலுக்குப் போக முடியவில்லை. வீட்டில் செய்வது போதுமா?

திருநின்றவூரில் பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கோவில் கட்டினார். அதிலும் அவசரம் இல்லை. நாள் பார்த்து அடித்தளம், அடிவரிசையான உபானம் முதல் சிகரம் வரை ஒவ்வொன்றாக, மதில், குளம், கிணறு என்று நெடுநாள் கட்டினார். குடமுழுக்குக்கு அவர் குறித்த அதே நாளில்தான் பல்லவ மன்னனும் காஞ்சியில் தன் கற்கோவிலுக்கு நாள் குறித்திருந்தான். அரசன் கனவில் சிவன் வந்து, "நாளை நான் பூசலார் கோவிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வைத்துக்கொள்" என்றார். போதுமா என்று கேட்டால், போதும்.

ஆனாலும் முடியும்போது போய்வாருங்கள் என்றே சொல்வேன். ஏற்காட்டில் சேர்வராயன் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். மலையின் உச்சி அது, 5,300 அடிக்கு மேல். குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்தக் குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமத்து மக்கள் கூட்டம் கூட்டமாக வருவதைப் பார்த்தாலே நமக்குள் ஏதோ நிமிரும். இது புத்தகத்தில் கிடைக்காது.

பழனிக்குப் பாதயாத்திரை போக ஆசை. போன வருடம் பாதியில் திரும்பிவிட்டேன்.

மனத்தில் குறை இருந்திருக்காது, காலில்தான். தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே தினமும் நடக்கத் தொடங்குங்கள், முதல் வாரம் இரண்டு மூன்று கிலோமீட்டர் போதும். புதுச் செருப்பு வேண்டாம். நம் மாவட்டத்து எடப்பாடியிலிருந்து பர்வதராஜகுலத்தார் தலைமுறை தலைமுறையாகக் காவடி எடுத்துப் போகிறார்கள். பழனி மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, பஞ்சாமிர்தமும் தாங்களே டன் கணக்கில் செய்வார்கள். அந்தக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் வண்டி, அடுத்த வருடம் இன்னும் கொஞ்ச தூரம் நடை. நீங்களும் அப்படியே போங்கள். பாதி தூரம் நடந்தீர்கள் என்பதை முருகன் அறிவான், உங்கள் மச்சான்தான் கிண்டல் செய்வார்.

கணவருக்கு (அல்லது மகனுக்கு) சாமி நம்பிக்கை இல்லை. கிண்டல் செய்கிறார்.

1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறிய மாநாடு நடந்தது இதே சேலத்தில். ஆடிப் பண்டிகையும் இதே சேலத்தில். பல வீடுகளில் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன, எங்கள் வீட்டையும் சேர்த்து. விவாதத்தில் இறங்காதீர்கள். அவரைக் குளிக்கச் சொல்லவோ, திருநீறு பூசச் சொல்லவோ வேண்டாம். உங்கள் பத்து நிமிஷத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் கணவர் இன்றுவரை கும்பிட்டதில்லை. ஆனால் நான் ஊருக்குப் போனால் எண்ணெய் ஊற்றி விளக்கு ஏற்றி வைப்பது அவர்தான். "நீ கத்துவே, அதுக்குத்தான்" என்பார்.

குருவிடம் தீட்சை வாங்காமல் தொடங்கக்கூடாதா?

நாமம் சொல்ல, விளக்கு வைக்க, தேவாரம் பாட தீட்சை தேவையில்லை. சில மந்திர சாதனைகளுக்குத் தேவை. அவற்றைக் காணொளி பார்த்துத் தொடங்க வேண்டாம்.

ஒருவர் பரிகாரத்துக்கு இருபதாயிரம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்.

எதுவும் செய்யவே பிடிக்கவில்லை. எழுந்திருக்கவே முடியவில்லை. பக்தி குறைந்துவிட்டதா?

யோக சூத்திரம் மனத்தைச் சிதறடிக்கும் தடைகள் ஒன்பதைச் சொல்லும்போது முதலில் வைப்பது நோயை. சோம்பல் அதற்கப்புறம்தான் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, அழுகை எல்லாம் மாறியிருந்தால், அதைப் பக்திக் குறைவு என்று உங்களையே திட்டிக்கொள்ளாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வீட்டில் ஒருவரிடம் சொல்லி அன்றே போங்கள். ஜபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போகாது.

முன்னேறுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரே சேலம்தான் தெரியும், ஒரு தடவை இடப்பக்கம், ஒரு தடவை வலப்பக்கம். வந்த வழியே திரும்பிப் போவது போல இருக்கும். காற்று குளிரும்போதுதான் ஏறியிருக்கிறோம் என்று தெரிகிறது. கனவில் சாமி வருவது, நெற்றியில் ஒளி தெரிவது போன்ற கணக்கில் எனக்கு அக்கறை இல்லை. நான் பார்ப்பது வேறு. போன வருடம் மூன்று நாள் பேசாமல் இருந்த சண்டைக்கு இந்த வருடம் எத்தனை நாள் பேசாமல் இருந்தேன்? குழம்பில் உப்பு அதிகம் என்று யாராவது சொன்னால் முகம் எவ்வளவு நேரம் சுருங்கியிருக்கிறது? ஒரு வேலையை "அப்புறம்" என்று தள்ளுவது குறைந்திருக்கிறதா? என் நிலவரம்: முதலாவதில் ஒன்றரை நாளுக்கு வந்திருக்கிறேன். இரண்டாவதில் முன்னேற்றம் இல்லை.

எல்லாம் சரி, நாளைக் காலை நான் என்ன செய்ய வேண்டும்?

நாளைக் காலை வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இன்று இரவு படுக்கும் முன் அகலைத் துடைத்து எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வையுங்கள். தீப்பெட்டியை அடுப்பு மேடையிலிருந்து எடுத்து வந்து விளக்குக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். தீப்பெட்டியைத் தேடிப் போன இடத்தில்தான் என் காலைகள் பல காணாமல் போயின.